வேலை மாறுவதற்குக் காலம் எது?

‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்பது ஒரு பழமொழி. ‘பதறாத காரியம் சிதறாது’ என்பது மற்றொன்று. இரண்டும் நெடுங்காலமாகத் தமிழர் வாயில் வழங்கி வருபவை. ஆயினும், இருக்கும் வேலையை விட்டு வேறு வேலைக்குப் போகலாமா என்று கலங்கி நிற்பவனுக்கு இவை எதிரெதிரான வழிகளையே காட்டுகின்றன. போக விரும்புகிறவன் முதற் பழமொழியைச் சொல்லிக்கொள்கிறான். போக அஞ்சுகிறவன் இரண்டாவதைச் சொல்லிக்கொள்கிறான். இருவரும் தம் மனத்தில் முன்பே இருந்த முடிவுக்குத் துணை தேடினார்களே தவிர, காலத்தை ஆராய்ந்து பார்த்தார்கள் இல்லை.

தோட்டப்புறங்களில் இந்தக் கேள்வி பெரும்பாலும் தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடமே வந்து சேர்கிறது. மாலை வேளையில் பள்ளிக்கு முன்னால் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, பழைய மாணவர் ஒருவர் தயங்கித் தயங்கி வருகிறார். “ஐயா, பட்டணத்துத் தொழிற்சாலையிலே கூப்பிடுறாங்க. மாசம் நானூறு ஐந்நூறு வெள்ளி கூட வருமாம். போகலாமா?” என்று கேட்கிறார். ‘போய் வா’ என்பதும் ஒரு சொல்தான். ‘பொறுத்திரு’ என்பதும் ஒரு சொல்தான். ஆனால் அந்த ஒரு சொல்லில் ஒரு குடும்பத்தின் வீடும், பிள்ளைகளின் படிப்பும், பல ஆண்டு உழைப்பின் பயனும் அடங்கியிருக்கின்றன. ஆதலின், இக்கேள்விக்கு விடை காணும் முறையை ஆசிரியர்கள் அறிந்திருத்தல் நன்று.

விலகும் உரிமை வந்த வழி

வேலையை விட்டு விலகுவது ஓர் உரிமை. மலாயாவுக்கு வந்த முதல் தலைமுறைத் தமிழர் பலருக்கு அந்த உரிமை இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்கும் காப்பித் தோட்டங்களுக்கும் வந்தவர்கள், ஒப்பந்தம் முடியும் முன் தோட்டத்தை விட்டு ஓடினால் அது குற்றம். பிடிபட்டால் சிறைத் தண்டனையும் உண்டு. அந்த ஒப்பந்த முறை 1910-ஆம் ஆண்டில் ஒழிந்தது. பின்னர்க் கங்காணி முறை மேலோங்கி நின்றது. இந்திய அரசாங்கம் 1938-ஆம் ஆண்டில் உதவிப் பணத்தில் தொழிலாளரை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்தபின் அந்த ஆள்சேர்ப்பும் நின்றது.

விலக முடியாத காலம் போலவே, விலக்கப்பட்ட காலங்களும் வந்தன. 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது, வேலையிழந்த தொழிலாளர் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றித் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1950-களிலும் 1960-களிலும் ஐரோப்பியருக்கு உரிய பெருந்தோட்டங்கள் பல துண்டாடி விற்கப்பட்டபோது, எத்தனையோ குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்தன.

இந்தப் பின்னணியில் 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் குறிப்பிடத் தக்கது. முதலாளி தொழிலாளியை நிறுத்துவதானாலும், தொழிலாளி தானே விலகுவதானாலும், முன்னறிவிப்புக் காலம் இருவருக்கும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்று அது விதித்தது. விலகும் உரிமை இவ்வளவு பாடுபட்டுக் கிடைத்தது. அதைக் கோபத்தில் வீசி எறிவதும் தவறு. அச்சத்தால் பயன்படுத்தாமலே விடுவதும் தவறு.

நான்கு அதிகாரங்களின் வரிசை

காலத்தை ஆராயும் முறையைத் திருவள்ளுவர் பொருட்பாலில் வகுத்திருக்கிறார். 47-ஆம் அதிகாரம் தெரிந்துசெயல்வகை; 48 வலியறிதல்; 49 காலமறிதல்; 50 இடனறிதல். இவை அரசியல் என்னும் பகுதியில் அமைந்தவை. பரிமேலழகர், பகைமேற் செல்ல எண்ணும் அரசனுக்கு உரியனவாக இவற்றுக்குப் பொருள் கொண்டார். எனினும், ஒரு குடும்பத் தலைவன் தன் பிழைப்பை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றுவதும் சிறிய அளவில் ஒரு படையெடுப்பே. அரசன் தோற்றால் நாடு துன்புறும். இவன் தோற்றால் வீடு துன்புறும்.

இங்குக் கருதத்தக்கது அதிகாரங்களின் வரிசை. காலம் முதலில் வரவில்லை, மூன்றாவதாக வருகிறது. செய்யப்போவது என்ன என்பதை முதலில் எடை போடவேண்டும். அதற்குத் தன்னிடம் வலிமை உண்டா என்பதை அடுத்துப் பார்க்கவேண்டும். அதன் பின்னரே காலம் எது என்று கேட்கவேண்டும். இறுதியாக இடத்தையும் பார்த்து அடியெடுத்து வைக்கவேண்டும். பலர் முதற் கேள்வியாகவே ‘இது நல்ல நேரமா?’ என்று கேட்கிறார்கள். முன்னிரண்டு கேள்விகளுக்கு விடை காணாதவனுக்கு எந்த நேரமும் நல்ல நேரமாகத் தோன்றலாம்; எந்த நேரமும் கெட்ட நேரமாகவும் தோன்றலாம். பஞ்சாங்கம் பார்த்து நல்ல நாள் குறிப்பது, போகும் நாளைத் தேர்ந்தெடுக்க உதவும். போகலாமா என்பதைக் குடும்பக் கணக்கே சொல்லவேண்டும்.

முதற்படி: செயலை எடை போடுதல்

தெரிந்துசெயல்வகை என்னும் அதிகாரம் தொடங்குவதே வரவு செலவுக் கணக்கில்தான். ஒரு செயலால் அழிவது எவ்வளவு, அதனால் ஆவது எவ்வளவு, ஆனபின் தொடர்ந்து வரும் பயன் எவ்வளவு என மூன்றையும் சேர்த்து எண்ணவேண்டும் என்கிறார் வள்ளுவர். வரப்போகும் ஊதியத்தை நம்பிக் கைமுதலை இழப்பதை அறிவுடையோர் செய்யார் என்றும் உரைக்கிறார்.

இதை ஒரு கணக்கால் விளக்கலாம். செம்பனைத் தோட்டத்தில் குலை அறுக்கும் தொழிலாளி ஒருவரை எண்ணிக்கொள்ளலாம். பதினோர் ஆண்டு வேலை செய்தவர். மனைவியும் பள்ளி செல்லும் இரு பிள்ளைகளும் உண்டு. பிடித்தம் போக அவர் கைக்கு மாதம் 1,950 வெள்ளி வருகிறது. பட்டணத்துத் தொழிற்சாலையில் கைக்கு 2,400 வெள்ளி வரும் என்கிறார்கள். மேல்வரும்படி 450 வெள்ளி. இது வரவு.

இனிச் செலவைப் பார்க்கவேண்டும். தோட்டத்தில் அவர் லயத்து வீட்டுக்கு வாடகை கொடுப்பதில்லை. பட்டணத்தில் சிறு வீட்டுக்கு 650 வெள்ளி. வேலைக்குப் போய்வர 150. பிள்ளைகளின் பள்ளி வேனுக்கு 120. மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் கூடுதலாக 80. ஆக 1,000 வெள்ளி. 450 வெள்ளி கூடுதலாக வாங்கப் போனவர், மாதந்தோறும் 550 வெள்ளி குறைந்து நிற்பார்.

இத்துடன் கணக்கை முடித்துவிட்டுப் ‘போகாதே’ என்று சொல்வதும் சரியன்று. அவர் மனைவி தோட்டத்தில் அவ்வப்போது களை எடுத்து மாதம் 500 வெள்ளி ஈட்டுகிறார் என்று கொண்டால், பட்டணத்தில் அவருக்கும் முழுநேர வேலை கிடைக்கக்கூடும். நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி. பிடித்தம் போக ஏறத்தாழ 1,500 கைக்கு வந்தால், அவர் பங்கில் 1,000 வெள்ளி மிகுதி. இப்போது குடும்பம் மாதம் 450 வெள்ளி மிச்சம் காண்கிறது. ஆகவே, ‘கணவன் வேலை மாறலாமா?’ என்ற கேள்வி, உண்மையில் ‘மனைவிக்கு அங்கே வேலை உறுதியா?’ என்ற கேள்வியாக மாறிவிடுகிறது. கணக்குப் போடுவதால் வரும் பயன் இதுவே. எந்தக் கேள்விக்கு விடை தேடவேண்டும் என்பதையும் அது காட்டிக்கொடுக்கிறது.

கணக்கில் மற்றொரு பிழையும் நேர்வதுண்டு. பால்மரங்கள் ஆண்டின் தொடக்க மாதங்களில் இலை உதிர்க்கின்றன. புதுத் தளிர் முற்றும்வரை பால் குறைந்தே வடியும். விடியலில் மழை பெய்தால் அன்றைய சீவுதலும் தடைப்படும். செம்பனையும் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் காய்ப்பதில்லை. ஆண்டின் முற்பகுதியில் குறைந்து, பிற்பகுதியில் மிகுகிறது. பாலின் எடைக்கும் குலையின் எண்ணிக்கைக்கும் ஏற்பக் கூலி பெறுகிறவர், குறைந்த மாதத்துச் சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு முடிவு செய்தால், இருக்கும் வேலை உள்ளதைவிட இழிந்ததாகத் தோன்றும். நிறைந்த மாதத்தில் முடிவு செய்தால், உள்ளதைவிட உயர்ந்ததாகத் தோன்றும். பன்னிரண்டு மாதச் சீட்டுகளையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்த பின்னரே புதிய வேலையோடு ஒப்பிடவேண்டும். இந்தச் சராசரிக் கணக்கு தமிழ்ப்பள்ளி மாணவருக்கே தெரிந்தது. வீட்டில் போட்டுப் பார்ப்பவர்தாம் குறைவு.

இரண்டாம்படி: வலிமையை அறிதல்

வலியறிதலில் நால்வகை வலிமை பேசப்படுகிறது. செய்யும் வினையின் வலி, தன் வலி, எதிர்த்து நிற்பவன் வலி, துணையாவார் வலி என்பன அவை. வேலை மாறுவார்க்கு இந்நான்கும் பொருந்தும்.

புதிய வேலை எவ்வளவு கடினம் என்பது வினையின் வலி. இரவு முறை உண்டா, நின்றுகொண்டே செய்வதா, எந்த மொழியில் ஆணை வரும், என்ன சான்றிதழ் கேட்பார்கள் என்பன இதில் அடங்கும். உடல்நலம், வயது, கைத்திறன், கைப்பணம் ஆகியவை தன் வலி. எதிர்த்து நிற்பது இங்கு மனிதர் அல்லர். வாடகையும் கடன் தவணையும் விலைவாசியுமே பகைவர். மனைவி மக்களின் இசைவு, உறவினர், நண்பர், தொழிற்சங்கம் ஆகியோர் துணை.

கைப்பணம் எவ்வளவு வேண்டும் என்பதையும் கணக்கிடலாம். வாடகை வீடு எடுப்பவரிடம் வழக்கமாக இரண்டு மாத வாடகை முன்பணமாகவும், அரை மாத வாடகை மின்சாரம் தண்ணீருக்கு வைப்புப் பணமாகவும் கேட்பார்கள். முதல் மாத வாடகையும் சேரும். 650 வெள்ளி வாடகை என்றால், வாசற்படி ஏறும் முன்னரே 2,275 வெள்ளி வேண்டும். புதிய வேலையின் முதற் சம்பளம் வரும்வரை வீட்டுச் செலவுக்கும் பணம் வேண்டும். மூன்று மாதச் செலவுக்கு உரிய பணம் கையில் இல்லாதவர், போகும் எண்ணத்தைக் கைவிட வேண்டியதில்லை. போகும் நாளைத் தள்ளிவைத்துச் சேமிக்கத் தொடங்குவதே முறை.

இந்த இடத்தில் ஊழியர் சேமநிதியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சேமநிதி முதலாளிக்கு உரியதன்று. அது உறுப்பினர் பெயரிலேயே இருக்கும். எத்தனை வேலை மாறினாலும் அதே கணக்கில் தொடரும். ஆதலின், ‘வேலை மாறினால் சேமநிதி போய்விடும்’ என்று அஞ்சுவது வீண். ஆனால் 2024-ஆம் ஆண்டு மே மாதம் முதல் அக்கணக்கு மூன்றாகப் பிரிக்கப்பட்டு, புதிய சந்தாவில் பத்தில் ஒரு பங்கு, வேண்டியபோது எடுத்துக்கொள்ளத்தக்க நெகிழ்வுக் கணக்கில் சேர்கிறது. வேலை மாறும் இடைவெளியில் அதை எடுத்துச் செலவழிப்பது எளிது. எடுத்தது முதுமைக்கு உரிய பணம் என்பதை மறத்தலும் எளிது.

துணை வலிக்கு இந்நாட்டுத் தமிழர் வரலாற்றிலேயே சான்று உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-ஆம் ஆண்டில், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தைக் கொண்டு, 1961-ஆம் ஆண்டில் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டத்தை அச்சங்கம் வாங்கியது. தனி ஒரு தொழிலாளியின் பத்து வெள்ளியால் தோட்டம் விற்பனையாவதைத் தடுத்திருக்க முடியாது. பலருடைய பத்து வெள்ளி சேர்ந்தபோது அது தோட்டத்தையே வாங்கிற்று.

மயிலிறகு மெல்லியதுதான், ஆயினும் அளவுமீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என்பது வலியறிதலில் வரும் உவமை. மோட்டார் சைக்கிள் தவணை, கட்டில் தவணை, கைப்பேசித் தவணை எனத் தனித்தனியே பார்த்தால் எல்லாம் மயிலிறகே. வேலை மாறும் மாதத்தில் அவை ஒன்றாக ஏறும்போதுதான் அச்சின் வலிமை தெரியும்.

மூன்றாம்படி: காலத்தை அறிதல்

காலமறிதல் என்னும் அதிகாரத்தில் மூன்று உயிர்கள் உவமையாக வருகின்றன. பகலில் கூகையை வெல்லும் காக்கை ஒன்று. பாய்வதற்காகப் பின்வாங்கும் ஆட்டுக்கடா மற்றொன்று. மீன் வரும்வரை அசையாது நின்று, வந்ததும் தவறாமல் கொத்தும் கொக்கு மூன்றாவது. காக்கைக்கும் கூகைக்கும் இடையே வெற்றியை முடிவு செய்வது பொழுது. கடாவும் கொக்கும் பொறுத்திருத்தலின் பொருளைக் காட்டுகின்றன. கொக்கு நிற்பது சோம்பலால் அன்று. அதன் கண் நீரின்மேலேயே இருக்கிறது.

அரிய வாய்ப்பு வந்தால் தாமதிக்காமல் செயலை முடிக்கவேண்டும் என்பதையும் அதே அதிகாரம் சொல்கிறது. இப்போது தொடக்கத்தில் கண்ட இரு பழமொழிகளும் தம்முள் முரண்படவில்லை என்பது விளங்கும். காலம் வரும்வரை பதறாதிருத்தல் ஒன்று. காற்று வந்ததும் தூற்றுதல் மற்றொன்று. இரண்டும் ஒரே செயலின் இரு பகுதிகள். எப்போது எது என்பதை அறிவதே கல்வி.

வேலை மாறுவார் கண்வைத்திருக்க வேண்டிய கால எல்லைகள் சில, சட்டத்திலேயே இருக்கின்றன. இங்குக் கூறப்படுபவை தீபகற்ப மலேசியாவுக்கும் லாபுவானுக்கும் உரியவை. சபாவுக்கும் சரவாக்குக்கும் தனிச் சட்டங்கள் உண்டு.

முதலாவது, முன்னறிவிப்பு. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதப்படாதபோது, இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு நான்கு வாரம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்கு உட்பட்டதற்கு ஆறு வாரம். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் எட்டு வாரம். புதிய முதலாளி ‘அடுத்த வாரமே வா’ என்று அழைத்தால், எட்டு வாரக் கணக்கை அவரிடம் சொல்லி நாள் கேட்பதே நேர்மை. அறிவிப்பின்றி விலகுபவர் அந்நாட்களுக்கு ஈடான சம்பளத்தைக் கட்ட நேரிடும். அனுமதியும் தக்க காரணமும் இன்றி இரண்டு வேலை நாளுக்கு மேல் தொடர்ந்து வராதிருப்பதும் ஒப்பந்தத்தை முறித்ததாகவே கொள்ளப்படும்.

சிங்கப்பூரில் வேறு கணக்கு. அங்கு 1968-ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் குறிக்கப்படாதபோது, ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் சேவை செய்தவர்க்கும் நான்கு வாரமே.

இரண்டாவது, சேவை ஆண்டு. சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுமுறை தொடக்கத்தில் எட்டு நாள். இரண்டு ஆண்டு முடிந்தபின் பன்னிரண்டு. ஐந்து ஆண்டு முடிந்தபின் பதினாறு. நோய் விடுப்பும் அவ்வாறே பதினான்கு, பதினெட்டு, இருபத்திரண்டு நாள் என உயர்கிறது. இவை ஒரே முதலாளியிடம் தொடர்ந்து செய்த சேவைக்கு உரியவை. புதிய இடத்தில் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

மூன்றாவது, மகப்பேறு. 2023-ஆம் ஆண்டு சனவரி முதல் மகப்பேற்று விடுப்பு 98 நாள். பேற்றுக்கு முந்திய ஒன்பது மாதங்களில் அந்த முதலாளியிடம் மொத்தம் 90 நாளாவது வேலையில் இருந்திருந்தால்தான் அதற்கு உரிய ஊதியம் கிடைக்கும். தந்தைக்கு உரிய ஏழு நாள் விடுப்புக்கோ, அதே முதலாளியிடம் பன்னிரண்டு மாத வேலை வேண்டும். குழந்தையை எதிர்பார்க்கும் குடும்பம் இந்த மாதங்களை எண்ணாமல் வேலை மாறலாகாது.

நான்காவது, எல்லாவற்றினும் முக்கியமானது, ஆட்குறைப்பு இழப்பீடு. 1980-ஆம் ஆண்டின் விதிகளின்படி, பன்னிரண்டு மாதமாவது வேலை செய்த தொழிலாளியை ஆட்குறைப்பில் நிறுத்தினால் முதலாளி இழப்பீடு கொடுக்கவேண்டும். இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்குப் பத்து நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்கு உட்பட்டதற்குப் பதினைந்து நாள். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் இருபது நாள். மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு மேற்படாதவர்க்கு இது உரியது. தானாகவே விலகியவர்க்கு இது இல்லை.

மேலே எண்ணிய தொழிலாளிக்கு இது 220 நாள் சம்பளம்; ஏறத்தாழ ஏழு மாதச் சம்பளம். தோட்டம் விற்கப்படப்போகிறது, மேம்பாட்டுக்குப் போகப்போகிறது என்ற பேச்சு காதில் விழுந்ததும், ‘தள்ளிவிடும் முன் நாமே போய்விடுவோம்’ என்று மானம் கருதிக் கடிதம் கொடுப்பவர், இந்த ஏழு மாதச் சம்பளத்தையும் கையெழுத்திட்டு விட்டுக்கொடுக்கிறார். வேலைநீக்க அறிவிப்பு வந்த பின்னரும், அனுமதி பெறாமல் இடையில் போய்விட்டால் இழப்பீட்டை இழக்க நேரிடும். தோட்டம் கைமாறும்போது, புதிய உடைமையாளர் ஏழு நாளுக்குள் பழைய நிபந்தனைகளுக்குக் குறையாத வேலையைத் தர முன்வந்தும், தக்க காரணமின்றி மறுப்பவர்க்கும் இழப்பீடு இல்லை. இத்தகைய வேளையில்தான் கொக்கின் பொறுமை வேண்டும்.

2018-ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த வேலைக் காப்புறுதித் திட்டமும் அவ்வாறே. வேலையிழந்தவர்க்கு வேறு வேலை தேடும் காலத்தில் அது உதவித் தொகை தருகிறது. தம் விருப்பத்தால் மட்டும் விலகியவர்க்கு அது கிடைப்பதில்லை.

சட்டத்தில் எழுதப்படாத கால எல்லைகளும் உண்டு. ஆறாம் ஆண்டு முடிந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளை எப்படியும் பள்ளி மாறத்தான் போகிறது. அவ்வேளையில் குடும்பம் இடம் பெயர்ந்தால் பிள்ளைக்கு ஒரே மாற்றமாக முடியும். ஆண்டு நடுவில் பெயர்ந்தால் புதிய ஆசிரியர், புதிய தோழர், புதிய வழி என எல்லாமே ஒருங்கே மாறும். தேர்வெழுதும் ஆண்டில் இருக்கும் மூத்த பிள்ளைக்காகச் சில மாதம் பொறுப்பதும் காலமறிதலே.

நான்காம்படி: இடத்தை அறிதல்

ஆழ்ந்த நீரில் முதலை வெல்லும். நீரை விட்டு வெளியேறினால் மற்றவை அதை வெல்லும். கடலில் தேர் ஓடாது. நிலத்தில் கப்பல் ஓடாது. சேற்றில் கால் புதைந்த யானையைச் சிறு நரி கொன்றுவிடும். இவை இடனறிதல் காட்டும் காட்சிகள். வலியும் காலமும் வாய்த்தும் இடம் தவறினால் தோல்வியே என்பது இவற்றின் கருத்து.

தோட்டத்துத் தொழிலாளிக்கு இடம் என்பது வேலைத்தலம் மட்டுமன்று. பிரட்டுக்களத்துக்கு அவர் பெயர் கொடுக்கும் வரைதான் லயத்து வீடு அவருடையது. வேலையை விட்டால் வீட்டையும் விடவேண்டும். பட்டணத்து எழுத்தர் வேலை மாறினால் அவருக்கு மாறுவது அலுவலகம் மட்டுமே. தோட்டத் தொழிலாளிக்கோ வீடு, பிள்ளைகளின் பள்ளி, கோயில், கடை, கைம்மாற்றுக்குப் பணம் தரும் அண்டை வீட்டார் எல்லாம் ஒரே நாளில் மாறுகின்றன. ஆதலின், இருவருக்கும் ஒரே அறிவுரை கூறுதல் பொருந்தாது.

இடத்தை அறிய எளிய வழி, போய்ப் பார்ப்பது. புதிய வேலைத்தலத்தை விடுமுறை நாளில் அன்றி வேலை நாளில் சென்று காணவேண்டும். வேலை முடிந்து வெளியே வருவோரிடம் சம்பளம் குறித்த நாளில் வருகிறதா, கூடுதல் நேரக் கூலி சரியாகக் கணக்கிடப்படுகிறதா என்று கேட்கவேண்டும். அங்கிருந்து தமிழ்ப்பள்ளி எவ்வளவு தூரம் என்பதையும் அன்றே பார்த்து வரவேண்டும். வாய்ச்சொல்லை நம்பாமல், சம்பளம், வேலை நேரம், தகுதிகாண் பருவம் ஆகியவை குறித்த கடிதத்தைக் கையில் வாங்கிய பின்னரே பழைய இடத்தில் விலகல் கடிதம் கொடுக்கவேண்டும்.

காத்திருக்கக் கூடாத காலம்

எல்லா நிலையிலும் பொறுமை நன்றன்று. உயிருக்கும் உடலுக்கும் உடனடித் தீங்கு நேரும் இடத்தில் ஆண்டுக் கணக்கு எண்ணிக்கொண்டிருத்தல் அறிவுடைமை ஆகாது. வன்செயலாலோ நோயாலோ தொழிலாளிக்கோ அவரைச் சார்ந்தோர்க்கோ உடனடி ஆபத்து நேர்ந்து, அதற்கு அவர் ஒப்பந்தத்தில் உடன்பட்டிராதபோது, முன்னறிவிப்பின்றியே விலகலாம் எனச் சட்டம் இடம் தருகிறது. முறைப்படி சம்பளம் கொடுக்காத முதலாளி, ஒப்பந்தத்தைத் தாமே முறித்தவராகக் கொள்ளப்படுவார். பெண்களுக்குத் தொல்லை நேரும் இடமும் அத்தகையதே. இத்தகையோர் வெறுங்கையோடு ஓடிவிடாமல், சம்பளச் சீட்டுகளையும் நாட்குறிப்பையும் எடுத்துக்கொண்டு தொழிலாளர் இலாகாவுக்கோ தொழிற்சங்கத்துக்கோ செல்லவேண்டும். அஞ்சி ஓடியவர் கதையைக் கேட்பாரில்லை. ஆவணத்தோடு வந்தவர் வழக்கை ஒதுக்க முடியாது.

ஆசிரியர் செய்யத்தக்கது

பழைய மாணவர் வந்து ‘போகலாமா?’ என்று கேட்கும்போது ஆசிரியர் உடனே விடை சொல்லவேண்டியதில்லை. ஒரு தாளை எடுத்து நான்காக மடித்துக் கொடுத்தால் போதும். முதற் பகுதியில் பன்னிரண்டு மாதச் சராசரியும் புதிய இடத்து வரவு செலவும். இரண்டாவதில் கைப்பணமும் கடனும் துணையும். மூன்றாவதில் சேவை ஆண்டு, தோட்டத்தின் நிலை, பிள்ளைகளின் வகுப்பு. நான்காவதில் புதிய வீடும் பள்ளியும் வேலைத்தலமும். இவற்றை எழுதிக்கொண்டு, மனைவியுடன் மறுமுறை வரச் சொல்லலாம். எழுதி முடிப்பதற்குள் பலருக்கு விடை தெரிந்துவிடும். தெரியாதவர்க்கு எந்தப் பகுதி வெறுமையாக இருக்கிறது என்பதாவது தெரியும்.

வகுப்பறையிலும் இதற்கு இடமுண்டு. இந்நான்கு அதிகாரங்களும் பெரும்பாலும் மனப்பாடத்துக்கும் தேர்வுக்கும் உரியனவாகவே நின்றுவிடுகின்றன. காக்கையும் கூகையும் ஒரு கதையாகவும், மயிலிறகும் வண்டியும் ஓர் உவமையணியாகவும் முடிந்துவிடுகின்றன. மாணவனின் தந்தை அன்று இரவு லயத்துத் திண்ணையில் உட்கார்ந்து போடும் கணக்கும் அந்தக் குறட்பாக்களும் ஒன்றே என்பதை ஆசிரியர் எடுத்துக்காட்டினால், பாடம் வீடு வரை செல்லும்.

முன்னோர்க்கு விலகும் உரிமை இல்லாதிருந்தது. பின்னர் அது கிடைத்தது. உரிமை கிடைத்தபின் வேண்டுவது அதைக் கையாளும் அறிவு. செயலை எடை போட்டு, வலிமையை அளந்து, காலத்துக்குக் கண்வைத்து, இடத்தைக் கண்டு வந்தவன் போனாலும் நன்று. போகாது நின்றாலும் நன்று. அவன் நிற்பது அச்சத்தால் அன்று. செல்வது ஆத்திரத்தாலும் அன்று.